அதே ரெக்கையா, வேற ரெக்கையா?

இருகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை அறிவியல் கூட்டம். எக்ஸ் கதிர் லேசரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற எனக்குப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் பேசுவதென்றால் கொஞ்சம் துள்ளல் கூடிவிடும். "உலகத்திலேயே வேகமான கேமரா இதுதான். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுக்குப் பேர் ஃபெம்டோ நொடி. அப்படிச் சில பத்துத் துண்டுகள்தான் இதன் ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஓடுகிற அணுவை அப்படியே நிறுத்திப் படம் எடுத்து, வரிசையாக ஓட்டினால் சினிமா" என்று அடித்துவிட்டேன். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். டிவிஎஸ்ஸில் என்னைக் கொண்டுவந்து விட்டவர், வெளியே வெயில் என்று உள்ளே வந்து உட்கார்ந்தவர். அவர் கை தட்டியதாக ஞாபகமில்லை.

ராத்திரி அரிசிம்பருப்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார். "நிறுத்திப் படம் எடுக்கறதுன்னு சொன்னியே அம்முணி. நின்னுச்சா, நின்ன மாதிரி தெரிஞ்சுதா?" நாள் பூராவும் பேசிய அலுப்பு எனக்கு. "ரெண்டும் ஒண்ணுதானுங்ப்பா" என்றேன். அவர் நெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஒண்ணா? உங்க சித்தப்பன்கிட்டக் கேளு, ஒண்ணான்னு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. எனக்கும் அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

சித்தப்பாவின் வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் சிங்காநல்லூர்க் குளத்தோரம் நடந்திருக்கிறேன். லேத்தில் போனது என்று தெரியும். எப்படிப் போனது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மறுநாள் போனில் கேட்டேன். அவர் வேலை பார்த்த பட்டறையில் அப்போதெல்லாம் சோக் வைத்த டியூப் லைட்டுகள். ராத்திரி சிப்ட், சுற்றிலும் பத்து மெசின் இரைச்சல். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் நாலு தாடைச் சக்கு நின்றுவிட்டது என்று நினைத்துக் கை வைத்தாராம். "நின்னுருந்துச்சு கண்ணு. என்ற கண்ணால பாத்தேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அந்தக் காலத்து டியூப் லைட் நொடிக்கு 100 முறை பளிச்சிடும். சக்கு நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் நொடிக்கு 25. நாலு தாடை, ஆக நொடிக்கு 100 தாடைகள் ஒரே இடத்தைக் கடக்கும். ஒவ்வொரு பளிச்சுக்கும் மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை, பக்கத்துக்கு ஒன்று. சக்கு அசையாமல் நிற்கும். மோட்டார் பாரம் தாங்காமல் 1,440-க்கு இறங்கினாலோ, நொடிக்கு ஒரு சுற்று, அதுவும் பின்பக்கமாக, கையால் தள்ளிவிட்டாற்போல் மெல்லச் சுற்றுவதாகத் தெரியும். இதற்காகவே வரிசை லைட்டுகளை மூன்று பேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள் என்று பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறவள்தான் நான். இருபது வருடமாகப் பாடத்துக்கும் அந்த விரலுக்கும் முடிச்சுப் போட்டதேயில்லை.

கதிர்

அப்பா நூல் மில்லில் ரிங் பிரேம், அதாவது நூல் முறுக்கும் இயந்திரம், அதற்குப் பிட்டராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். நூலை முறுக்கிச் சுற்றும் கம்பியை மில்லில் ஸ்பிண்டில் என்றும் சொல்வார்கள், கதிர் என்றும் சொல்வார்கள். ராட்டையில் இருந்ததும் கதிர், காட்டில் சோளத்தட்டு நுனியில் இருப்பதும் கதிர், சூரியனிடமிருந்து வருவதும் கதிர். எக்ஸ் கதிர் என்று நான் மேடையில் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் காதில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

மில் கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடும் சமாச்சாரம். ஒரு பிரேமில் ஆயிரத்துச் சொச்சம் கதிர்கள் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். கதிர்களைச் சுழற்றும் நாடாவுக்கு டேப் என்று பேர். ஒரு டேப் தொய்ந்தால் அது ஓட்டுகிற கதிர்கள் மட்டும் கொஞ்சம் பின்தங்கும், முறுக்கு குறையும், அந்த நூல் தறியில் போய் அறும், பழி பிட்டர் தலையில் விழும். கண்ணால் பார்த்தால் எல்லாக் கதிரும் ஒரே மங்கல். அதனால், வைத்த வேகத்துக்கு விட்டு விட்டுப் பளிச்சிடும் ஸ்ட்ரோப் லைட்டைக் கொண்டுபோவார்கள். பிரேமின் வேகத்துக்குப் பளிச்சைத் திருப்பி வைத்ததும் கதிர்கள் வரிசையாக நின்றுவிடும். தொய்ந்த டேப்பில் ஓடுகிறது மட்டும் மெல்லப் பின்னால் நகரும். அதில் ஒரு சூதும் உண்டு. பாதி வேகத்தில் பளிச்சிட்டாலும் கதிர் நிற்கும், மூன்றில் ஒரு பங்கில் பளிச்சிட்டாலும் நிற்கும். ஆகவே கதிரில் ஒரு அடையாளக் கோடு போட்டு, அந்தக் கோடு ஒற்றையாகத் தெரிகிற வேகங்களிலேயே உச்ச வேகம் எதுவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இது அப்பாவுக்கு யாரும் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததல்ல. ஆக, 'நிறுத்திப் படம் எடுக்கிறது' என்று அவர் முன்னால் நான் சொன்னது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

நெயில் பாலிஷ்

அடுத்த சனிக்கிழமை கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு ஸ்ட்ரோப் லைட்டை எழுதிக் கொடுத்து வாங்கிவந்தேன். அப்பாவுக்குப் புரியவைக்கத்தான். உண்மையைச் சொன்னால், ஜெயிக்கத்தான். முன்னறை ஜன்னலை எல்லாம் சாத்தி, மேசை விசிறியைக் கட்டிலில் வைத்து ஓடவிட்டேன். மூன்று ரெக்கை. பளிச்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனதில் ஒரு கட்டத்தில் மூன்று ரெக்கையும் அச்சாக நின்றன, தூசி படிந்திருந்தது உட்படத் தெரிந்தது. "பாத்தீங்களாப்பா, இதைத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் எழுந்துபோய் விசிறியை அணைத்தார். அம்மாவின் அலமாரியிலிருந்து நெயில் பாலிஷ் புட்டி ஒன்றை எடுத்துவந்தார். கம்பிக் கூட்டுக்குள் விரலை விட்டு, ஒரே ஒரு ரெக்கையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். காய்வதற்கு ஊதினார். "இப்ப போடு" என்றார். லைட்டின் வேகத்தை நான் தொடவில்லை. விசிறி முன்போலவே நின்றது. ஆனால் மூன்று ரெக்கையிலும் பொட்டு இருந்தது. மூன்றிலும் வெளிறிய பொட்டு.

சில விநாடி எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. நான் வைத்திருந்தது விசிறி வேகத்தின் மூன்று மடங்கு. ஒவ்வொரு பளிச்சுக்கும் விசிறி மூன்றில் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. ஒரு ரெக்கை இருந்த இடத்துக்கு அடுத்த ரெக்கை வந்திருக்கிறது. நின்றதாக நான் காட்டியது ஒரு ரெக்கையை அல்ல. ஒன்று போய் ஒன்று வந்து உட்கார்ந்த இடத்தை. சித்தப்பாவின் சக்கும் இதேதான். அவர் பார்த்த தாடை நொடிக்கு நூறு முறை வேறு தாடையாக மாறிக்கொண்டிருந்தது. நான் பளிச்சை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். விசிறி கண்ணைக் குத்துகிறாற்போல் துடித்தபடி நின்றது. பொட்டு ஒரே ரெக்கையில், அடர் சிவப்பாக. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "இது அதே ரெக்கை. முன்னாடி நீ காட்டுனது வேற வேற ரெக்கை. உங்க அமெரிக்கா மெசினு இதுல எது?"

அன்றைக்கு நான் ஜெயிக்கவில்லை என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

வள்ளிக்கும்மியும் ரேக்ளாவும்

அந்த மெசினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதிகம் இழுக்கமாட்டேன். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மண்ணில் இருக்கிறது ஸ்லாக் ஆய்வகம். அங்கே மூன்று கிலோமீட்டர் நீள எலக்ட்ரான் முடுக்கியின் கடைசி ஒரு கிலோமீட்டரை எடுத்து, 2009 ஏப்ரலில் எக்ஸ் கதிர் லேசராக ஓட்டிக் காட்டினார்கள். ஒளியின் வேகத்தை நெருங்கிவிட்ட எலக்ட்ரான் கொத்தை, வடக்கு தெற்கு என்று மாறி மாறிப் பதித்த காந்த வரிசைக்குள் விடுகிறார்கள், நூறு மீட்டருக்கு மேல். எலக்ட்ரான்கள் நெளிந்து நெளிந்து போகும். நெளிகிறபோதெல்லாம் எக்ஸ் கதிர் விடும். முதலில் ஆளாளுக்கு ஒரு தாளம். நம்மூரில் வள்ளிக்கும்மி பழகும் முதல் வாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இருநூறு பேர் கை தட்டினால் மழை பெய்கிற மாதிரி சடசடவென்றுதான் கேட்கும். போகப் போக, பக்கத்து ஆளின் தட்டே நம் கையை இழுத்துச் சேர்த்துவிடும். அரங்கேற்ற நாளில் இருநூறு பேருக்கும் ஒரே 'டப்'. எலக்ட்ரான்களும் அப்படித்தான். தாங்கள் விட்ட ஒளியே தங்களைத் தட்டித் தட்டி, அலைநீளத்துக்கு ஒரு வரிசையாக அடுக்கிவிடும். அடுக்கி முடித்ததும் எல்லாம் ஒரே தாளத்தில் ஒளியை விடும். யாரும் வெளியிலிருந்து தாளம் போடுவதில்லை. இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிறகு ஜப்பானில் 2011-இல் ஒன்று, ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு 2017-இல் ஒன்று, கொரியாவில், சுவிட்சர்லாந்தில் என்று வந்துவிட்டன. ஸ்லாக்கின் முதல் இயந்திரம் நொடிக்கு 120 துடிப்பு, அதாவது 120 எக்ஸ் கதிர்ப் பளிச்சு, ஹாம்பர்க் 27,000, ஸ்லாக்கில் 2023-இல் ஓடத் தொடங்கிய புதியது நொடிக்குப் பத்து லட்சம் வரை போக வல்லது. அப்பாவுக்காக ஒரு கணக்குப் போட்டேன். கதிரின் கப்பி 20 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர் ஓடும். அதே விளிம்பு 50 ஃபெம்டோ நொடியில் நகரும் தூரம், ஓர் அணுவின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு. "அப்ப அது நெசமாவே நின்னுருச்சுன்னே வெச்சுக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார். முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தது. 'எது?' என்ற கேள்வி அப்படியே இருந்தது.

அதே ஸ்டான்ஃபோர்டு மண்ணில், அது குதிரைப் பண்ணையாக இருந்த 1878-இல், மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுகிற குதிரையின் நாலு குளம்பும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்று பார்க்க வழியோரம் பன்னிரண்டு கேமராக்களை நட்டு வைத்தார். எழும்பத்தான் செய்தது. எக்ஸ் கதிர் லேசரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்தக் குதிரையைக் கூட்டிவருவார்கள், நானும் மேடையில் கூட்டிவந்தேன். ஆனால் மைப்ரிட்ஜ் எடுத்தது ஒரு குதிரை, பன்னிரண்டு படம். இங்கே நடப்பது வேறு. நம் ரேக்ளாப் பந்தயத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரே ஒரு காங்கேயம் காளை ஓடுவதைப் பத்தாயிரம் படம் எடுக்கவில்லை. பத்தாயிரம் காளைகளை வரவழைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு படம். ஒன்று கால் தூக்கும்போது, ஒன்று ஊன்றும்போது. பிறகு 'எல்லாம் ஒரே ஓட்டம்தானே' என்ற நம்பிக்கையில் வரிசைப்படுத்தி ஓட்டுவது. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல மேடையில் எனக்கு வாய் வரவில்லை. படம் எடுத்த நொடியே அந்தக் காளை காலி.

எக்ஸ் கதிர்த் துடிப்பு ஒன்றில் லட்சம் கோடி ஒளித்துகள் வரை அடைத்து, முடியைவிட மெல்லிய இடத்தில் குவிக்கிறார்கள். இங்கே காளை என்பது ஒரு படிகம், ஒரே மாதிரி மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிய துணுக்கு. துடிப்பு பட்ட படிகம் எலக்ட்ரான்களை இழந்து வெடித்து, மின்னேறிய துகள்களின் சூடான வாயுவாக, பிளாஸ்மாவாகிவிடும். வெடிப்பதற்கும் அணுக்கள் நகர வேண்டும் அல்லவா, அதற்குச் சில பத்து ஃபெம்டோ நொடி ஆகும். அதற்குள் துடிப்பு படத்தை எடுத்துக்கொண்டு கடந்துபோயிருந்தால் சரி. இது நடக்கும் என்று ஸ்வீடனில் உப்சாலாக் குழு 2000-இல் கணினியில் கணக்கிட்டுச் சொன்னது. ஸ்லாக்கில் அதைச் செய்து பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒளிச்சேர்க்கைப் புரதம் ஒன்றின் மிக நுண்ணிய படிகங்களைத் தண்ணீரோடு நூலிழை போலப் பீய்ச்சி, குறுக்கே துடிப்பை விட்டார்கள். 30 லட்சத்துக்கும் மேல் படங்கள். அதில் உருப்படியாகக் கணக்கில் வந்தது 15,000 சொச்சம். மற்றதெல்லாம் தண்ணீரில் விழுந்த வெளிச்சம், அல்லது சரியாகப் படாத படிகம். "முப்பது லட்சத்துல பதனஞ்சாயிரமா? எந்த மில்லு முதலாளி உடுவான்?" என்றார் அப்பா.

டேப்

இதற்குள் நான் மேடையில் செய்த தப்பு என்ன என்று எனக்கே பிடிபட்டிருந்தது. துடிப்பு குட்டையாக இருப்பதற்கு ஒரே காரணம், வேகமாக ஓடுவதைப் பிடிக்க என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பாதிதான் சரி. நம் கண்ணுக்குள் ரெட்டினால் என்ற மூலக்கூறு, ஒளி பட்டதும் இருநூறு ஃபெம்டோ நொடி அளவில் முறுக்கிக்கொள்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அத்தனை குட்டைத் துடிப்பு வேண்டும்தான். ஆனால் இலைக்குள் தண்ணீரைப் பிளக்கிற வேலை இருக்கிறதே, அது அப்படி ஒன்றும் பறப்பதில்லை. நாலு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் கொண்ட ஒரு சிறு கொத்து, நாலு ஒளித்துகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து வைத்து, கடைசியில் ஆக்சிஜனை விடுகிறது. அந்தக் கடைசி அடிக்கு மில்லி நொடிக் கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கிறது.  அதைப் பார்க்க எதற்கு ஃபெம்டோ நொடி?

எக்ஸ் கதிர் பட்டால் அந்த மாங்கனீசு கெட்டுப்போகும் என்பதற்காக. பழைய முறையில் படிகத்தை உறையவைத்து, நிதானமாகக் கதிரைக் காட்டிப் படம் எடுத்தால், படத்தில் இருப்பது கதிர் பட்டு ஏற்கெனவே மாறிப்போன கொத்து. பார்க்கிற வெளிச்சமே பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறது. குட்டைத் துடிப்போ, கெட்டுப்போவதற்கு முன்னால் வேலையை முடித்துவிடும், உறையவைக்கவும் வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் பெர்க்லி ஆய்வகத்தை ஒட்டிய குழு ஒன்று இதை எப்படிச் செய்தது என்று சொன்னபோதுதான் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படிகங்கள் மிதக்கும் துளிகளைச் சொட்டுச் சொட்டாக ஓடுகிற டேப் ஒன்றின் மேல் விடுகிறார்கள். டேப் ஓடும் வழியில் பச்சை லேசர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று துளியை எழுப்பும். குறித்த நேரம் கழித்து, டேப்பின் கோடியில் எக்ஸ் கதிர். அடுத்த துளி. "டேப்புங்களா!" என்றார் அப்பா. அதுவரை என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

இந்த முறைக்குப் பம்ப்–ப்ரோப் என்று பெயர்; தட்டி எழுப்புகிற லேசர் பம்ப், படம் எடுக்கிற எக்ஸ் கதிர் ப்ரோப். பம்பு என்றதும் "எத்தனை ஹெச்பி?" என்று கேட்டார். கோயமுத்தூர்க்காரரிடம் அந்தச் சொல்லை விட்டது என் தப்பு.

அவர் கேட்ட அடுத்த கேள்வி விளையாட்டல்ல. "லேசர் பளிச்சுக்கும் எக்ஸ் கதிர் பளிச்சுக்கும் எடைவெளி தொய்யாதா?" தொய்யும். எலக்ட்ரான் கொத்து ஒவ்வொரு முறையும் பத்து, நூறு ஃபெம்டோ நொடி முன்னே பின்னே வந்து சேரும். அதைச் சரிசெய்ய முனைவதோடு, இன்னொன்றும் செய்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் மெல்லிய சவ்வு ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகும். தொட்ட கணத்தில் சவ்வின் ஒளி ஊடுருவும் தன்மை மாறும். அதை லேசரால் படித்து, 'இந்தப் படம் இத்தனை ஃபெம்டோ நொடி பிந்தியது' என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். பிறகு சீட்டைப் பார்த்து வரிசையை மாற்றி அடுக்கிக்கொள்வார்கள். தொய்ந்த டேப்பை மாற்றாமல், தொய்வை அளந்து நோட்டில் எழுதிக்கொள்வது. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "டேப்ப மாத்தறதுதான் வேலை" என்றார். எனக்கு என்னவோ, அளந்து எழுதுவதில் ஒரு நேர்மை இருப்பதாகப் படுகிறது.

பொட்டு வைக்க முடியாத ரெக்கை

ஆகவே பதில்: வேற ரெக்கைதான். நான் அவருக்குக் கடைசியில் சொன்னது அதுதான். ஒவ்வொரு பளிச்சுக்கும் வேறு ரெக்கை, பளிச்சிட்டதும் அந்த ரெக்கை பொடி. அப்படி லட்சக்கணக்கான ரெக்கைகளை வைத்து 'ஒரு ரெக்கை எப்படிச் சுற்றுகிறது' என்று படம் காட்டுகிறார்கள். சினிமா என்ற வார்த்தையைத்தான் இப்போது என்னால் சங்கடமில்லாமல் சொல்ல முடியவில்லை. அதற்காக அந்தப் படம் பொய் என்றும் சொல்லமாட்டேன். விசிறியின் மூன்று ரெக்கைகளும் ஒன்றல்ல. ஒன்றில் தூசி கூட, ஒன்று லேசாக வளைந்தது, ஒன்றில் அம்மாவின் நெயில் பாலிஷ். ஒரு ரெட்டினாலுக்கும் இன்னொரு ரெட்டினாலுக்கும் அந்த மாதிரி வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் அதே அணுக்கள், அதே பிணைப்புகள். எலக்ட்ரானில் பொட்டு வைக்க முடியாது என்பது குவாண்டம் இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்று. வேறு ரெக்கையை அதே ரெக்கை என்று எடுத்துக்கொள்ள உலகத்தில் எங்காவது உரிமை உண்டென்றால் அது இங்கேதான்.

ஆனால் அதற்குள்ளும் ஒரு ஆனால் இருக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றுபோல் இருந்தாலும் அவை இருக்கிற படிகங்கள் ஒன்றுபோல் இல்லை. சிறிது, பெரிது, சாய்ந்தது. லேசர் தட்டி எழுப்பினால் எல்லா மூலக்கூறும் எழுவதில்லை, ஒரு பங்குதான் எழும். எழாதவையும் அதே படத்தில் கலந்து தெரியும். கலந்த படத்திலிருந்து தூங்குகிறவர்களைக் கழித்து எழுந்தவர்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அந்தக் கழித்தலில்தான் இந்தத் துறையின் சண்டைகள் எல்லாம் நடக்கின்றன. அப்பாவின் ஸ்ட்ரோப் லைட்டில் பார்க்க வேண்டியது, நிற்கிற ஆயிரம் கதிரை அல்ல, நகர்கிற நாலைந்தை. இங்கே பின்தங்கியவற்றைச் சராசரியில் கரைத்துவிடுகிற ஆபத்து எப்போதும் உண்டு. இதை நான் விளக்கி முடித்தபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப பின்னால போற கதிரு யாரு கண்ணுக்கும் படாதா?" என்று கேட்டார். நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு வந்தால் படக்கூடும் என்றேன். "கூடும்" என்பதை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதம் சூலூர்ப் பக்கம் இன்னொரு பள்ளியில் பேச வேண்டும். விசிறியையும் கொண்டுபோவது என்று முடிவு. டிவிஎஸ்ஸின் முன்னால் வைத்துக் கட்ட ரப்பர் கயிறு அப்பாவிடம் இருக்கிறது. சித்தப்பாவையும் கூப்பிட்டிருக்கிறோம், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ரெக்கையில் இருந்த பொட்டைத்தான் அம்மா அசிட்டோன் போட்டுத் துடைத்துவிட்டாள். புட்டியைக் கேட்டால், அது தீர்ந்துபோய்விட்டது, புதுசு நீயே வாங்கிக்கொள் என்கிறாள்.